சொல்லும்வரை திறக்கக் கூடாது

“இங்கன படு. மல்லாக்க. கண்ண மூடு. நான் சொல்லுத வரைக்கும் தொறக்கக் கூடாது,” என்று சஹானா உத்தரவிட்டாள். அவளுக்கு ஏழு வயது. கழுத்தில் பிளாஸ்டிக் ஸ்டெதாஸ்கோப். அறுபத்திரண்டு வயதான புனிதவதி வலது முழங்காலை ஊன்றி, பிறகு முழங்கையை ஊன்றி, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய பீரோ ஒன்றை மாடியிலிருந்து இறக்குகிறவர்களின் நிதானத்தோடு தன் உடம்பைப் பாயில் கிடத்தினாள். கண்களை மூடினாள். மூடிய பிறகுதான் பகலில் படுத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன என்பது உறைத்தது. கல்லூரியில் உளவியல் நடத்திய காலம் முழுவதும் பகல் தூக்கத்தை ஒரு குணக்கேடாகவே கருதி வந்தவள் அவள். மதிய வகுப்பில் கொட்டாவி விட்ட பெண்களை எழுந்து நிற்கச் சொன்னவள். இப்போது ஓர் ஏழு வயதுப் பெண் அவளைப் படுக்கச் சொல்ல, அவளும் படுத்திருக்கிறாள். பாளையங்கோட்டைக் கடைத்தெருவில், தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அறை. நின்றும் உட்கார்ந்தும் இருந்த இத்தனை நாளில் தெரியாத ஒன்று முதுகுக்குத் தெரிந்தது: கீழே ஓடும் தையல் மிஷின்களின் அதிர்வு தரை வழியாக ஏறி, பாயைக் கடந்து, தோள்பட்டை எலும்பில் வந்து மெல்ல முணுமுணுத்தது. குழந்தைகள் இந்தத் தரையில்தானே உட்கார்ந்து விளையாடுகிறார்கள், அவர்களுக்கு இது எப்போதும் தெரிந்திருக்கும், ஒருவர்கூடச் சொன்னதில்லையே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. “இப்ப நான் என்ன பண்ணணும்?” என்று உதடு மட்டும் அசையும் ரகசியக் குரலில் கேட்டாள். அது விளையாட்டுச் சிகிச்சை என்னும் அவள் தொழிலின் முறை. விளையாட்டில் குழந்தை ஒரு வேடம் கொடுத்தால், அந்த வேடம் என்ன பேச வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்பதையும் குழந்தையிடமே ரகசியமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் தங்கள் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. பதில் உடனே வந்தது. “பேசக் கூடாது. ஒனக்கு நெனவு இல்ல.”

நினைவில்லை என்று அறிவிக்கப்பட்டவளின் மனம் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்யும் என்று புனிதவதி எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அந்த அறையில் இதுவரை ஒன்றும் படுத்ததில்லை என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. வந்த நாளிலிருந்து சஹானா எல்லாவற்றையும் நிற்க வைத்தே விளையாடினாள். பொம்மைகளைச் சுவரோடு சாய்த்து நிறுத்துவாள். மணல் தொட்டியில் யானையின் கால்களைப் புதைத்து விழாதபடி அழுத்துவாள். ஒரு கால் குட்டையான ஒட்டகச்சிவிங்கி தானாகச் சாய்ந்தபோது முகம் வெளுத்துப்போய் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விளையாட்டு நேரம் முடியும் வரை கையை எடுக்காமல் நின்றாள். ‘அது விழுந்திடக் கூடாதுன்னு நெனைக்கிற’ என்று புனிதவதி சொன்னாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது, கேட்டால் குழந்தை பதில் சொல்லும், பதிலோடு விளையாட்டு நின்றுவிடும். ஆனால் கேட்காமல் இருப்பதென்ன எளிதா? வாழ்நாள் முழுவதும் கேள்வித்தாள் தயாரித்தவளுக்கு? அவளுடைய ஆர்வம் நாக்கின் அடியில் கிடந்து அரித்தது. வீட்டார் சொன்ன கதை இதுதான். தாய் செண்பகவல்லி ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி, பகலில் உறக்கம். சர்க்கரை நோய் உண்டு. ஒரு நாள் பணி முடிந்து வந்தவள், இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், ‘கொஞ்சம் கண்ண மூடிட்டு எந்திப்போம்’ என்று படுத்தாள். சர்க்கரை இறங்கிவிட்டது. ஊரெல்லாம் நோயாளிகளுக்குப் புத்தி சொல்கிறவள் தானே அந்தத் தவற்றைச் செய்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, பிழைத்து, வீட்டுக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து மகள் அவளைத் தூங்க விடுவதில்லை. கண் அயர்ந்தால் போதும், சின்ன விரல்கள் வந்து இமையைப் பிடித்து உயர்த்தும். இரவென்றும் பகலென்றும் இல்லை. பள்ளிக்கும் போவதில்லை. ‘ராத்திரிக்கு ராத்திரி என் கண்ணத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாக்கா மேடம். வார்டுல நாங்க செய்யுதமாதியே,’ என்று செண்பகவல்லி சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். இன்றைக்கு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தாள்: ‘சனிக்கிழமை எங்க அக்கா வாரா மேடம். ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயி அங்கனயே ஸ்கூல்ல சேத்திடுதேன்னு சொல்லுதா. எனக்கு அடுத்த வாரம் டூட்டில சேரணும். தூங்காம ஊசி போடுத கை நடுங்குது. வேற வழி தெரியல.’ அதைச் சொல்லும்போது அவள் தரையைப் பார்த்தாள். தாயிடமிருந்து பிரித்து அனுப்பினால் இந்தக் குழந்தைக்கு என்ன ஆகும் என்பது புனிதவதிக்குத் தெரியும். தூங்காவிட்டால் அந்தத் தாய்க்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்தவளாக இப்போது பாயில் மல்லாந்து கிடக்கிறாள். இன்றைக்குத்தான், இன்றைக்கென்று, இந்தக் குழந்தை ஓர் ஆளைப் படுக்கச் சொல்லியிருக்கிறது.

சஹானா எங்கே நிற்கிறாள்? காலடிச் சத்தம் இல்லை. இது எந்தக் குழந்தையிடமும் புனிதவதி காணாத வித்தை. மற்றப் பிள்ளைகள் இந்த அறையில் நடந்தால் கீழே தையல்காரர் அண்ணாந்து பார்ப்பார். இவள் பூனை. கணுக்காலைச் சுற்றி, தோல் சற்று வெளிறிய ஒரு வளையம் இருப்பதை அவள் முதல் நாளே கவனித்திருந்தாள். கொலுசு கிடந்த தடம். ‘அம்மா பகல்ல தூங்கும்லா, அதான் கழட்டி வச்சுட்டோம்,’ என்றார் தகப்பனார். சத்தமில்லாமல் நடக்கப் பழக்கப்பட்ட குழந்தையைச் சத்தத்தை வைத்துத் தேட வேண்டும். புனிதவதி காதைத் தீட்டிக்கொண்டாள். மின்விசிறி. தையல் மிஷின். தெருவில் ஒரு பைக். பிறகு அறையின் வடக்குப் பக்கத்தில் ஏதோ உரசல், அலமாரியாக இருக்கலாம், அல்லது பால்கனிக் கதவாக இருக்கலாம். பால்கனிக் கதவு. காலையில் அதை அவள்தான் திறந்தாள், கழுவிய மணல் அச்சுகளை வெயிலில் காயவைக்க. பிறகு அச்சுகளை எடுத்து வந்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாளா? போட்டிருப்பாள், தினமும் போடுகிறவள். மேல் தாழ்ப்பாளின் குளிர்ந்த இரும்பு விரலில் பட்டது அவளுக்கு இப்போதும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த நினைவு இன்றைய விரலுடையதா, நேற்றைய விரலுடையதா? தினமும் செய்கிற காரியத்தில் ஒரு நாளை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? கீழ்த் தாழ்ப்பாளை அவள் தொடுவதே இல்லை, குனிய முடியாது. மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தால் குழந்தைக்கு எட்டாது. போடாவிட்டால் கதவு வெறுமனே சாத்தி இருக்கிறது, கைப்பிடிச் சுவர் குழந்தையின் மார்பளவு, கீழே தையல் கடையின் தகரக் கூரை. போட்டேன். அச்சுகளை இரண்டு கையிலும் ஏந்தி வந்தேன், அப்படியென்றால் கதவைக் காலால் சாத்தினேன், காலால் சாத்தியிருந்தால் தாழ்ப்பாளை எந்தக் கையால் போட்டேன்? அச்சுகளை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து போட்டேன். வந்தேனா? அப்போது தொலைபேசி அடித்தது. அது நேற்று. நேற்றா?

கண்ணை ஒரு நூல் அளவு திறந்து பார்த்தால் தீர்ந்தது. குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்றால் எந்த விளையாட்டையும் நிறுத்தலாம், அதற்குத் தொழில் விதியே இடம் தருகிறது. ஆனால் பிள்ளைகள் கண் இடுக்குகளில் தேர்ந்தவர்கள்; ஒளிந்து விளையாடும் வயதிலேயே எந்த இமை துடிக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பார்த்துவிட்டால், ‘நீயும் பொய்யாத்தான் மூடியிருக்க’ என்று அவளுக்குத் தெரிந்துவிடும், அதன்பின் இந்த அறையில் யாரையும் அவள் படுக்க வைக்க மாட்டாள், சனிக்கிழமை வந்துவிடும். திறப்பதா? உரசல் நின்றது. அப்போது காலருகே, மிக மெதுவாக, ஒரு பை தரையில் வைக்கப்பட்டது. போடப்படவில்லை, வைக்கப்பட்டது. பை என்று எப்படித் தெரிந்தது? ஜிப்பின் நுனி தரையில் பட்ட சின்னக் கிணுக்கு. விளையாட்டு அலமாரியில் இருக்கும் பழைய பள்ளிப் பை. ஆக, பிள்ளை பால்கனியில் இல்லை, காலடியில் இருக்கிறாள். மூச்சு சீரானதும் ஆர்வம் மறுபடி தலைதூக்கியது. டாக்டர் எதற்குப் பள்ளிப் பையோடு வருகிறார்? “ம்மா,” என்றது காற்று மாதிரி ஒரு குரல். “பரீட்ச முடிஞ்சிட்டும்மா. ஈசி. அர நாள்தான்.” பிறகு அந்தக் குரலே தன்னை அதட்டியது: “ஷ்ஷ்.” டாக்டர் போய்விட்டார். வந்திருப்பது மகள்.

அரை நாள். புனிதவதி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். யாரும் அரை நாள் என்று சொல்லவில்லை. ‘பிள்ள ஸ்கூல் விட்டு வேன்ல ஊர் சுத்தி வந்த கையோட நானும் வந்துட்டேன் மேடம், வெளக்கு வைக்கிற நேரம், ரெண்டு பேருமாத்தான் பாத்தோம்’ என்றுதான் தகப்பனார் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. வழக்கமான நேரத்தை வைத்துச் சொன்னார். எப்போது வந்தாய் என்று பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை, அவளுக்காவது அது தொழில் முறை. தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைக்கப்பட்டது. பக்கத்தில் குழந்தை உட்கார்ந்தாள். பாய் ஒரு ஓரத்தில் இழுபட்டது. காற்றைக் கடித்து மென்றாள், முறுக்காக இருக்கலாம், பல்லுக்குப் பல் நிறுத்தி, காதருகே இருப்பவளுக்கு மட்டும் கேட்கும்படி. எதையோ அழுத்தும் ஒலி. “சவுண்டு வைக்கக் கூடாது,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தொலைக்காட்சி. சத்தமில்லாத தொலைக்காட்சியில் கார்ட்டூன். சத்தமில்லாமல் ஒருமுறை சிரித்தாள், மூக்கு வழியாக. மறுபடி மென்றாள். பிறகு மெல்வது நின்றது. “அப்பா வர நேரமாவும்,” என்றாள். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாமை நீண்டது. நீள நீளத்தான் அது என்ன என்று புனிதவதிக்குப் புரிந்தது. மதியத்திலிருந்து விளக்கு வைக்கும் வரை. அம்மா தூங்கும்போது எழுப்பக் கூடாது என்று அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. அந்தச் சட்டத்தை இந்தக் குழந்தை ஒரு பிற்பகல் முழுவதும், தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, முறுக்கைக்கூட மௌனமாகத் தின்று, அப்பழுக்கில்லாமல் காப்பாற்றியிருக்கிறது. மூடிய இமைகளுக்குள் புனிதவதிக்குச் சூடாக நீர் கோத்தது. நினைவில்லாதவள் அழக் கூடாது. அவள் விழுங்கினாள். தொண்டை அசைவதை அந்தக் குழந்தை பார்த்திருப்பாள். பார்க்கட்டும்.

இனி என்ன செய்வாள்? விரலால் இமையைத் திறப்பாளா? திறந்தால் நான் விழிக்க வேண்டுமா, நினைவில்லாமலே இருக்க வேண்டுமா? கேட்கவும் முடியாது. நேரம் எவ்வளவு ஆயிற்று? முக்கால் மணி நேர விளையாட்டில் முடிவதற்குச் சற்று முன் ‘இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு’ என்று சொல்லியாக வேண்டும். கடிகாரம் எதிர்ச் சுவரில், அவள் கண்ணோ மூடியிருக்கிறது. இப்படி ஒரு சிக்கலை எந்தப் பயிற்சியிலும் யாரும் எதிர்பார்த்ததில்லை. பயிற்சி என்றதும் அந்தச் சென்னைக் கூடம் நினைவுக்கு வந்தது. ஓய்வு பெற்ற பிறகு, பேத்தி வயதுப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து விளையாட்டுச் சிகிச்சை படிக்கப் போனாள். ஆளுக்கொரு கைப்பாவையைக் கொடுத்துப் பேச வைக்கச் சொன்னார்கள். அவள் கையில் ஒரு முதலை. விடைத்தாளைப் பிடிப்பது போல் அதைப் பிடித்துக்கொண்டு, ‘வணக்கம். நான் ஒரு முதலை’ என்றாள். கூடமே சிரித்தது. ‘மேடம், முதல பாடம் எடுக்குது’ என்றாள் ஒருத்தி. அன்றிரவு விடுதி அறையில் யாருக்கும் தெரியாமல் அவள் அந்த முதலையைக் கடிக்க வைத்துப் பழகினாள், தலையணையை. அப்போது உலோகத்தின் மேல் உலோகம் உரசிற்று. வடக்குப் பக்கம். கிரீச்சென்று ஒன்று, பிறகு டக்கென்று ஒன்று. தாழ்ப்பாள். குழந்தை எப்போது பாயை விட்டு எழுந்தாள்? புனிதவதியின் நினைப்பு முறுக்குத் தட்டிலிருந்து முதலைக்குத் தாவிய இடைவெளியில் போயிருக்கிறாள், அவள் கவனிக்கவில்லை. திறக்கிறாள். புனிதவதியின் இரண்டு கைகளும் பாயில் ஊன்றி எழத் தயாராயின. எழு, எழு, தகரக் கூரை. ஆனால் வெளிச்சம் வரவில்லை. கதவு திறந்தால் பகல் வெளிச்சம் இமையின் மேல் சிவப்பாக விழ வேண்டும், தெருச் சத்தம் கூட வேண்டும். இமைக்குள் இருள் அப்படியே இருந்தது. தெருச் சத்தம் குறைந்ததைப் போலக்கூட இருந்தது. அது எப்படி? அந்தப் புதிரை அவிழ்ப்பதற்குள் கன்னத்தில் ஒரு சின்ன மூச்சு பட்டது. மணல் வாசனையும் வேர்வை வாசனையும் கலந்த மூச்சு. பிள்ளை திரும்பி வந்து அவள் முகத்துக்கு நேரே குனிந்திருக்கிறாள். கைகள் தளர்ந்தன. இங்கேதான் இருக்கிறாள். என்னைத்தான் பார்க்கிறாள்.

பார்க்கப்படுவது விசித்திரமாக இருந்தது. கணவர் போய், மகன் புனேயில் தங்கிவிட்ட பிறகு, அவள் படுத்திருப்பதை யாரும் பார்த்ததில்லை. தனியாக இருக்கிறவர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று அவளுக்கும் இருந்தது: ஒரு நாள் இப்படிப் படுத்தவள் எழாமல் போனால் எப்போது தெரியும்? வீட்டிலும் இங்கேயும் வேலை பார்க்கும் ஆயா அன்னபாக்கியம் காலையில் வந்து மணி அடிப்பாள், பால் பாக்கெட்டைப் பார்ப்பாள், ‘என்னம்மா இன்னும் எந்திரிக்கலியா’ என்று சன்னல் வழியே கத்துவாள். ஞாயிற்றுக்கிழமையானால் அதுவும் இல்லை. ஞாயிறு அவள் கோவிலுக்குப் போய்விடுவாள். அதனால் சில ஞாயிறுகளில் புனிதவதி படுக்கையில் அரைகுறையாகவே உறங்குவாள், ஒரு காலைத் தரையில் வைத்துக்கொள்கிற மாதிரி. இப்போதோ பக்கத்தில் ஒரு காவல் இருக்கிறது. ஏழு வயதுக் காவல். இரவெல்லாம் விழித்துப் பழகிய, இமைத் தொழில் தெரிந்த காவல். இதைவிடப் பத்திரமான இடத்தில் எந்த மனுஷி படுத்திருப்பாள்? அந்த எண்ணம் அவளைச் சிரிக்க வைத்தது, உதடு அசையாமல். தரையின் முணுமுணுப்பு தோளில் ஓடியது. கீழே ஒரு நீளமான தையல், யாருடைய பாவாடைக்கோ கரை வைக்கிறார்கள், நூல் ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது, கரை மடிகிறது, அதன் ஓரமாக ஒட்டகச்சிவிங்கி நடந்து வருகிறது, ஒரு கால் குட்டை, விழுந்துவிடுமோ, விழாது, அது படுக்கத்தான் போகிறது, அதற்கு யாரோ பாய் விரித்திருக்கிறார்கள், வணக்கம் நான் ஒரு ஒட்டகச்சிவிங்கி, தாழ்ப்பாள் போட்டாயிற்று, போட்டாயிற்றா, மணல்மேல் குளிர்ச்சியாக ஒரு

ஒரு சத்தம். கரடுமுரடான, வெட்கமற்ற சத்தம். அது தன் மூக்கிலிருந்து வந்தது என்று உணர்ந்த அதே கணத்தில் புனிதவதி கண்ணைத் திறந்துவிட்டாள். உத்தரவில்லாமல். எதிரே கடிகாரம், நேரம் முடிந்து, அதற்கு மேலும் போயிருந்தது. அவள் தூங்கியிருக்கிறாள். ஒரு குழந்தையின் வாழ்வில் இப்படியொரு நேரத்தில், தொழில் தெரிந்த ஒருத்தி, கொட்டாவிக்குத் தண்டனை கொடுத்த ஒருத்தி, மல்லாந்து கிடந்து குறட்டை விட்டிருக்கிறாள். காது மடல் வரை வெட்கம் ஏறியது. சஹானா அவள் தலைமாட்டில் சம்மணமிட்டிருந்தாள். உள்ளங்கைகள் இரண்டையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் தன் எடை முழுவதையும் போட்டு அழுத்தி உட்கார்ந்திருந்தாள். தன் கைகளைத் தானே பிடித்து வைத்திருந்தாள்.

“கொறட்ட விட்டீய,” என்றாள். டாக்டரும் போய், மகளும் போய், இப்போது பேசியது சஹானா. “நெசமாவே தூங்குனீயளா ஆன்ட்டி? நடிச்சீயளா?”

நடித்தேன் என்று சொன்னால் மானம் தப்பும். தப்பிக்கும் அந்த வாசல் திறந்துதான் இருந்தது. புனிதவதி அதைப் பார்த்தாள், அது எவ்வளவு சின்னது என்பதையும் பார்த்தாள். “நெசமாவே தூங்கிட்டேன்,” என்றாள்.

“நான் எழுப்பல.”

“நீ எழுப்பல.”

“நீங்களா எந்திச்சிட்டீய.”

“நானா எந்திச்சிட்டேன்.”

குழந்தை அதை யோசித்தாள். யோசிக்கும்போது கீழுதட்டை உள்ளே மடக்கிக்கொண்டாள். எழுப்பாமல் இருந்தது பயம் தெளிந்ததாலா, அல்லது அந்தப் பழைய வீட்டுச் சட்டம்தானா, எழுப்பக் கூடாது என்ற அதே கீழ்ப்படிதலா? புனிதவதிக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசைப்பட்டாள். அதனாலேயே வாயை மூடிக்கொண்டாள்.

“அன்னைக்கும் எழுப்பல,” என்றாள் சஹானா, மின்விசிறியைப் பார்த்து. “எழுப்பியிருந்தா அம்மா எந்திச்சிருப்பாளா?”

இதற்கு ஒரு இனிப்பான பதில் உண்டு. கேள்வியைக் கேள்வியாகவே திருப்பித் தரும் தொழில்முறைப் பதிலும் உண்டு. புனிதவதிக்கு இரண்டையும் சொல்ல மனம் வரவில்லை. “எனக்குத் தெரியாது, சஹானா,” என்றாள். “வெறும் தூக்கமா, நோவால வந்த மயக்கமான்னு பெரியவங்களுக்கே பாத்த ஒடனே தெரியாது. அம்மா தூங்கும்போது எழுப்பக் கூடாதுன்னு ஒனக்குச் சொல்லி வச்சிருந்தாங்க. நீ சொன்னதக் கேட்ட. நெறைய நேரம், ஒத்தையா, கேட்டுக்கிட்டு இருந்த.”

“கார்ட்டூன் முடிஞ்சிட்டு,” என்றாள் குழந்தை. “வேற கார்ட்டூன் வந்திச்சு. அதுவும் முடிஞ்சிட்டு.” ஒரு கையை வெளியே எடுத்து மூக்கைத் துடைத்தாள். உள்ளங்கையில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. பிறகு, ஏதோ கணக்குக்கு விடை கிடைத்த குரலில், “அன்னைக்கு அம்மா கொறட்ட விடல. எப்பமும் விடுவா. நீங்க விட்டீய. கொறட்ட வந்தா அது தூக்கம்,” என்றாள். மருத்துவப்படி இது எப்போதும் சரியாக இராது என்று சொல்லப் புனிதவதி வாயெடுத்தாள்; மயக்கத்திலும் குறட்டை வரும். பிறகு, அதை நர்ஸாகிய தாய் பார்த்துக்கொள்ளட்டும் என்று மூடிக்கொண்டாள். நேரம் முடிந்துவிட்டது என்பதை மட்டும் சொன்னாள். முன்கூட்டிச் சொல்லாததற்கு மன்னிப்பும் கேட்டாள். “பரவால்ல,” என்றாள் சஹானா, “தூங்குனவுகளுக்கு நேரம் தெரியாதுல்லா.”

வெளியறையில் செண்பகவல்லி பிரம்பு நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து, வாய் பிளந்து, உறங்கிக்கொண்டிருந்தாள். மேசைக்குப் பின்னால் அன்னபாக்கியம் உதட்டில் விரலை வைத்தாள். “இப்பந்தாம்மா கண்ணசந்தா. பாவம், மொகத்தப் பாருங்க, கசக்கிப் போட்ட துணி மாதி. எழுப்பட்டா?” புனிதவதி தலையை ஆட்டி மறுத்தாள். சஹானா ஏற்கனவே நாற்காலியை அடைந்திருந்தாள். சத்தமில்லாத கால்கள். வலது கை உயர்ந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இமையைப் பிடிக்கும் அந்தப் பழகிய வடிவத்தில் குவிந்தன. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றன. குழந்தை காதைத் தாயின் மூக்கருகே கொண்டுபோனாள். கேட்டாள். சாய்ந்த தலையிலிருந்து, தேய்ந்த கதவு போல, ஒரு மெல்லிய குறட்டை வந்தது. கை கீழே இறங்கியது. பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இந்த முறை கைகளைத் தொடைக்கு அடியில் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். கால்களை ஆட்டினாள். அடுத்த குழந்தை மாடிப்படியில் ஏறி வருகிற ஆர்ப்பாட்டம் கேட்டது. கீழே ஒரு பள்ளி வண்டி பின்னால் நகர்ந்து தன் பாட்டைப் பாடியது. செண்பகவல்லி திடுக்கென்று எழுந்தாள். எழுந்தவுடன் அவள் செய்த காரியம், இரண்டு கைகளாலும் தன் இமைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதுதான்.

“ஐயையோ. தூங்கிட்டேனா? ஏட்டி, நீ எழுப்பலியா?”

“நீ கொறட்ட விட்டேல்லா,” என்றாள் மகள், இதுகூடத் தெரியாதா என்ற குரலில்.

தாய் அவளைப் பார்த்தாள். பிறகு புனிதவதியைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அந்த அரை நாளைப் பற்றி அவசரப்படாமல், தகப்பனாரையும் வைத்துக்கொண்டு, இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று புனிதவதி நினைத்தாள். படியில் பாதி இறங்கிய செண்பகவல்லி திரும்பி ஏறி வந்தாள். “எங்க அக்கா சனிக்கிழம வாரா,” என்றாள், புனிதவதிக்கு அது புதிய செய்தி என்பதைப் போல. “வந்து பிள்ளையப் பாத்துட்டுப் போட்டும். அடுத்த வாரமும் இதே நேரந்தான மேடம்?”

“இதே நேரம்தான்,” என்றாள் புனிதவதி. “சாப்பிட்டுட்டு வாங்க.”

அடுத்த குழந்தை வருமுன் எல்லாம் பழைய இடத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தான் விட்டுப்போன உலகத்தைக் கலையாமல் காண வேண்டும் என்பது விதி. அவள் தட்டை எடுத்தாள், பையை மாட்டினாள், பாயைச் சுருட்டினாள். பிறகு, அதுவரை தள்ளிப்போட்ட காரியத்துக்கு, பால்கனிக் கதவருகே போனாள். மேல் தாழ்ப்பாள் போடவில்லை. காலையில் விட்டபடியே கைப்பிடி கீழ்நோக்கித் தொங்கியது. கதவு அசைகிறதா என்று தள்ளினாள். அசையவில்லை. வலது முழங்காலை ஊன்றி, வலியோடு குனிந்து பார்த்தாள். அவள் தொடுவதே இல்லாத கீழ்த் தாழ்ப்பாள், துருவை உரசிக்கொண்டு, முழுவதும் உள்ளே தள்ளப்பட்டிருந்தது. அதன் குமிழில் ஈர மணல் ஒட்டியிருந்தது, சின்ன விரல்களின் அளவில். தூங்குகிறவளுக்குத் தெருச் சத்தம் கேட்கக் கூடாது.